முப்பத்தொராம் நாளுக்கு முன் எடுத்த கார்

விமலநாதனுக்கு நான் பதினாலாயிரம் டொலர் கடன்பட்டிருந்தேன். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அவர் தேடித் தந்த மூன்று கார்களைத் திருத்தி விற்றுவிட்டு, அவருடைய பங்கைக் கொடுக்காமல் இரண்டு வருடம் இழுத்தடித்தேன். இந்த நீக்கிலாப்பிள்ளை ஆரையும் ஏமாற்றினான் என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் பிந்திக் கொடுத்தான் என்று சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிட்டுத்தான் விமலநாதனைச் சொல்ல முடியும். அறுபதுகளின் கடைசியில் அமெரிக்கக் கொம்பனிகள் சின்னக் காருக்குள் பெரிய எஞ்சின் வைத்து விற்கத் தயங்கின. டீலர்மாரில் சிலர் துணிந்தவர்கள். சின்னக் காரை வாங்கி, தங்கள் பின்கொட்டிலில் வைத்து அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, மலையையே இழுக்கிற எஞ்சினைப் பூட்டி இளந்தாரிகளுக்கு விற்றார்கள். ஒருத்தன் ஐந்து செய்திருப்பான், இன்னொருத்தன் ஐம்பது. கொம்பனிப் பதிவில் அவை சாதாரணக் கார்கள்தான். இன்றைக்கு அப்படி அசல் ஒன்று அகப்பட்டால் ஒரு வீட்டை வாங்கலாம். அசலா போலியா என்று சொல்வதற்கு இருப்பது டீலரின் பழைய தாளும், அவனுடைய ஆள் கையால் துளைத்த துவாரங்களும், அவசரத்தில் வைத்த ஒட்டுகளுந்தான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கியூபெக்கின் லாசாலில் எனக்கென்று ஒரு வாடகைக் கராச். ஒரு காலத்தில் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தேன். துருப்பிடித்த தகரத்தை என் கையில் தந்தால் கண்ணாடியாக்கித் தருவேன். படித்த எஞ்சினியர்மார் என்னிடம் வந்து, இதை எப்படிச் செய்தீர்கள் என்று குனிந்து பார்த்திருக்கிறார்கள். திருத்துவதற்கு நான் போதும். தேடிப் பிடிப்பதற்கு மட்டும் விமலநாதன் வேண்டும்.

அவர் ஊரில் கைதடி ஆள். எண்பத்தொன்பதில் வந்தவர். அஹுன்ட்சிக்கில், குளியலறையை அரையாக எண்ணி நாலரை அறை வீடு, மனைவி சிவநேசம், பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் பிரஷாந்தினி. இருபத்திரண்டு வருடம் கார்ப் பாகங்கள் விற்கிற ஒரு கொம்பனியின் வானை ஓட்டினார். கியூபெக்கில் அவர் போகாத கிராமக் கராச் இல்லை. ஒல்லி ஆள், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாது, பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம். அப்படிப்பட்டவர் எப்படிக் காரைக் கண்டுபிடித்தார்?

மரண அறிவித்தலில்.

எங்கள் ஆட்கள் காலையில் தேத்தண்ணி குடிக்க முன்னமே மரண அறிவித்தல் பார்க்கிறவர்கள். விமலநாதன் வெள்ளைக்காரருடையதையும் பார்ப்பார். கிராமத்துத் தெப்பனர் என்கிற மூலைக்கடைகளில் சும்மா கிடைக்கிற பத்திரிகைகளை எடுத்துவந்து, செத்தவர் மெக்கானிக்கா, கராச் வைத்திருந்தவரா என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடுவார். அகப்பட்டால் தமிழ்க்கடை நாட்காட்டியில் செத்த நாளிலிருந்து எண்ணி, முப்பத்தொராம் நாளில் பென்சிலால் ஒரு வட்டம். அதற்கு முன் அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்.

“அதுவரைக்கும் செத்தவர் வீட்டிலைதான் நிப்பார் அண்ணை. ஆள் நிக்கேக்கை ஆளின்ரை சாமானுக்கு விலை பேசிறது மரியாதையே?”

“அவங்கள் வேதக்காரர் காணும். செத்த அண்டைக்கே மேலை போயிடுவினம்.”

“அப்ப நீங்களும் வேதக்காரர்தானே? உங்கடை கோயில் பங்கிலை முப்பத்தொராம் நாள் பூசை ஆருக்கு வைக்கிறியள்?”

நான் சுத்தியலை எடுத்துத் தகரத்தைத் தட்டத் தொடங்கினேன்.

போன வருடம் மாசி மாதம் ஜெர்வே என்கிற கிழவரின் அறிவித்தல் வந்தது. வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் ஒரு கிராமம். அந்த ஊரில் எப்போதோ மூடப்பட்ட டீலரின் கொட்டிலில், பெரிய எஞ்சின்களைப் பூட்டிய கையே இந்த ஜெர்வேயின் கைதான். பூட்டியது நோவா என்கிற சின்னக் கார் ஏழில். ஏழாவதைத் தனக்கே வாங்கி வைத்துக்கொண்டார். பாகம் இறக்கப் போன ஒரு நாள் விமலநாதன் அதைப் பலகை இடுக்கால் பார்த்திருக்கிறார். பார்த்ததை ஆறு வருடம் என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் எனக்குக் கராச் வாடகை மூன்று மாதப் பாக்கி. விமலநாதனுக்கு அதைவிட மோசம். பங்குனியோடு அவருடைய கொம்பனி கிராம ஓட்டத்தை நிறுத்துகிறது. சொந்தமாக ஒரு பழைய வான் வாங்கினால் அந்த ஓட்டத்தைத் தானே எடுத்துச் செய்யலாம். வான்காரன் பங்குனி முடியும்வரை பார்த்திருப்பதாகச் சொல்லியிருந்தான். என்னுடைய பதினாலாயிரம் வந்தால் வான். வராவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில் வீட்டில்.

“ஒன்ராறியோவிலை இருந்து ஒருத்தன் சனிக்கிழமை பார்க்க வாறானாம். நாங்கள் வெள்ளி போறம்” என்றேன்.

“வெள்ளி பன்ரண்டாம் நாள் அண்ணை.”

“உமக்கு வான் வேணுமோ வேண்டாமோ? நீர் வந்து காரை அசலெண்டு சொல்லும். திரும்பி வரேக்கை உம்மடை முழுக்காசும் உம்மடை கையிலை.”

அவர் விரல்களில் நாட்களை எண்ணினார்.

“பாவம் அண்ணை.”

“பாவத்தை நான் சுமக்கிறன். நீர் வானை ஓட்டும்.”

வெள்ளிக்கிழமை, காருக்கென்று வட்டிக்கு எடுத்த காசில் பதினாலாயிரத்தை ஒரு உறையில் போட்டு உள்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மனதறியக் கொடுக்கிற எண்ணத்தோடுதான் வைத்தேன்.

கிழவரின் மனைவி கத்தரினுக்கு எண்பத்துநான்கு வயது. கறுப்புக் கம்பளிச் சட்டை, தெளிந்த கண். கொட்டில் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. மூன்று நாளுக்கு முன் கொட்டிய பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. கொட்டில் வாசல்வரைக்கும் ஒரு காலடி இல்லை, ஒரு பூனையின் தடங்கூட இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சவள் எடுத்து வெட்டித்தான் கதவைத் திறந்தோம்.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. காருக்கு மேல் ஒரு பழைய கம்பளி. அதை இழுத்தேன். பச்சை நிறம், சக்கர விளிம்பில் கொஞ்சத் துரு, மற்றபடி முழுசு. பற்றரி கழற்றப்பட்டு மேசையில் கிடந்தது, அதன் தலையில் வெள்ளைப் பூஞ்சை.

விமலநாதன் பொனற்றில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்தார்.

“அண்ணை, தொட்டுப் பாருங்கோ.”

தொட்டேன். காய்ச்சல்காரனின் நெற்றிபோல இருந்தது.

“வெயில் பட்டிருக்கும்” என்றேன்.

“எங்கையண்ணை வெயில்? யன்னலே இல்லை.”

கேட்காத மாதிரி நின்றேன். அவர் முதுகை நிலத்தில் வைத்துக் காருக்குக் கீழே தலையைவிட்டு லைற் அடித்துப் பார்த்தார். எஞ்சின் தாங்கியில் கையால் துளைத்த நாலு துவாரம், ஒன்று மட்டும் கொஞ்சம் சரிவு. கத்தரின் ஒரு பிஸ்கற் பெட்டியிலிருந்து டீலரின் தாளை எடுத்து நீட்டினார். அசல்.

விலை முப்பதாயிரம். ஒன்ராறியோக்காரனுக்கு முன் என்னிடமே தருவதென்றால் பாதிக்குக் கிட்ட இப்போதே காசாக வேண்டுமென்றார். மிச்சத்துக்குக் காசோலை எழுதினேன். உள்சட்டைப் பைக்குள் இருந்த உறையை எடுத்து மேசையில் வைத்தேன். விமலநாதன் அந்த உறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அவசரப்படாதீர்கள்” என்றார் கத்தரின், பிரெஞ்சில், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. “மூன்று மணிக்கு ஜெர்வே வந்து பத்து நிமிடம் காரை ஓடவிடுவார். இருந்து அவரோடு ஒரு சொல் பேசிவிட்டுப் போங்கள்.”

கிழவிக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார், இழுக்கிற லொறியின் முதுகில் ஏறிவிட்டது.

லொறிக்காரன் ஜோன்சன், எங்கள் கோயில் பங்குப் பெடியன். நாங்கள் வானில் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ரெலிபோன் அடித்தது.

“அங்கிள், காரை ஸ்ராட்டிலை விட்டிட்டியளோ? லொறி முழுக்க அதிருது.”

“பற்றரியே இல்லையடா அதுக்கு!”

“அப்ப என்ன அதிருது?” ரெலிபோனுக்குள்ளால் சங்கிலி கிலுகிலுக்கிற சத்தம் வந்தது. “நிண்டிட்டுது அங்கிள். இப்ப நிண்டிட்டுது.”

வானின் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று பத்து.

காரின் படத்தைப் பார்த்த மறுநாளே ரொறன்ரோவில் ஒரு வைத்தியர் விலை பேசினார். முற்பணம் பதினையாயிரம் அனுப்பினார். பங்குனி முடிய முதல் கார் வேண்டும். எஞ்சினைக் கழற்றி வெளியே ஒரு இரும்புத் தாங்கியில் ஏற்றினோம். பொனற்றைச் சுரண்டி, தீட்டி, பெயின்ற் அடித்தோம். எனக்கு நாற்பது வருடமாகப் பெயின்ற் பிழைத்ததில்லை. அடுத்த நாள் பின்னேரம் பொனற் முழுக்கக் கொப்புளம், அம்மை போட்ட முகம் மாதிரி.

சுரண்டித் திரும்ப அடித்தோம். திரும்பவும் கொப்புளம். மூன்றாந்தரம், பெயின்ற் அடிக்கிற பெடியன் றொசான் பெயின்ற் துவக்கைக் கீழே வைத்தான்.

“ஐயா, மூண்டு மணிக்கு இந்தத் தகரம் சுடுது. கீழை எஞ்சின் இல்லை. அப்ப என்ன சுடுது? எனக்குச் சம்பளம் வேண்டாம், நான் போறன்.”

போய்விட்டான். பிறகு வரவேயில்லை.

நான் பயந்தவன் இல்லை. கடலில் மூன்று இரவு தனிய மிதந்தவன். மற்ற நாள் எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிட்டு, மூன்றுக்குச் சற்று முன் நான் மட்டும் அந்தக் காருக்குள் ஏறினேன். சாரதி ஆசனத்தில் இல்லை, பக்கத்து ஆசனத்தில். எஞ்சின் பத்தடி தள்ளித் தாங்கியில் நின்றது. முன்னால் வெறும் குழி.

மூன்று மணிக்குச் சாரதி ஆசனத்தின் தோல் மெல்லக் கிறீச்சிட்டது. ஆள் இருக்கும்போது பதிகிறதுபோல நடுவில் பதிந்தது. கிளச் மிதி தன்பாட்டில் நிலம்வரை இறங்கியது. கியர்த் தண்டு ஒருதரம் இடம், ஒருதரம் வலம் ஆடி, நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது. எந்த மெக்கானிக்கும் ஸ்ராட் பண்ணமுன் செய்கிற காரியம். நானும் அப்படித்தான் செய்வேன். அதன்பிறகு கார் அதிரத் தொடங்கியது. என் பல்லுக்குள் அந்த அதிர்வு இருந்தது. பத்து நிமிடம் ‘பரமண்டலத்தில் இருக்கிற’ என்று தொடங்குவதும் மறப்பதுமாக இருந்தேன். கிளச் மேலே வந்தது. ஆசனத் தோல் நிமிர்ந்தது. கதவு திறக்கவில்லை.

அன்று இரவே விமலநாதனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“எனக்குத் தெரியும் அண்ணை” என்றார். “கார் வித்தது அவருக்கு ஆரும் சொல்லேல்லை. புதன்கிழமை முப்பத்தொண்டு. காரைக் கொண்டுபோய் அதே இடத்திலை விடுங்கோ. செய்யவேண்டியதைச் செய்வம்.”

“கொண்டுபோய் வர லொறிக்கூலி அறுநூறு வரும் காணும்!”

“அப்ப வையுங்கோ, நீங்களும் அவருமா ஓடுங்கோ.”

புதன்கிழமை காரும் தாங்கியிலிருந்த எஞ்சினும் அந்தக் கொட்டிலுக்குத் திரும்பிப் போயின. கராச் சொந்தக்காரன் ஐந்து மணிக்கு வாடகைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். வைத்தியரின் பதினையாயிரத்தை அதற்காகக் காசாக மாற்றி உள்சட்டைக்குள் வைத்திருந்தேன். கட்டாவிட்டால் அடுத்த மாதம் பூட்டுப் போடுவான்.

கிழவருக்கு என்ன விருப்பமென்று விமலநாதன் கத்தரினிடம் முன்னமே கேட்டு வைத்திருந்தார். மஞ்சள் பட்டாணி சூப், பன்றி எலும்பு போட்டது. ஒரு போத்தல் பியர். கிழவியே காய்ச்சித் தந்தார். மச்சமாமிசம் தொடாத சைவக்காரன், அந்தப் பன்றிச் சூப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பனிக்குள்ளால் நடந்து வந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதை மேசையில் வைத்தார். பாணை வைத்தார். பியரைத் திறந்து பக்கத்தில் வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். பிறகு காரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

“ஐயா, உங்கடை காரை இவர் வாங்கிப்போட்டார். வடிவாத் திருத்துவார். கை சுத்தமான ஆள். இனி நீங்கள் ஓடவேண்டாம்.”

கத்தரின் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டேன். மூன்றுக்கு இரண்டு நிமிடம்.

“முடிஞ்சுதோ?” என்றேன்.

“இன்னும் இல்லை.” விமலநாதன் வலக்கையை விரித்து என் முன்னால் நீட்டினார். “தட்சணை விழாமல் கிரியை முடியாது.”

“சரி, எவ்வளவு?”

“பதினாலாயிரம்.”

“உந்தளவு ஐயரே கேட்கமாட்டார் காணும்!”

“ஐயர் கார் தேடித் தரமாட்டார் அண்ணை.”

பேரம் பேச வாயெடுத்தேன். பின்னால் சாரதி ஆசனத்தின் தோல் கிறீச்சிட்டது. எனக்கு மட்டும் கேட்டதென்று சொல்ல முடியாது. கத்தரின் தலையைத் திருப்பினார், முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கிளச் மிதி இறங்குகிற சத்தம் கேட்டது. விமலநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி.

வாடகைக் கட்டை எடுத்தேன். பழுப்பு நூறு டொலர்த் தாள்கள், பிளாஸ்ரிக் தாள், குளிருக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வராது. விரலை நாக்கில் நனைத்து நனைத்து வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. இடுப்பு பொனற்றில் முட்டிக்கொண்டிருந்தது; அதன் சூடு கால்சட்டைக்குள்ளால் வந்தது. நாற்பதில் பிழைத்துவிட்டேன், அவர் “முப்பத்தெட்டு” என்றார், திரும்ப எண்ணினேன். எண்பதில் அதிர்வு தொடங்கியது. நூறில் அதிர்வு குறைந்தது. நூற்றிருபதில் பொனற் இளஞ்சூடு. அதற்குப் பிறகு நான் எண்ணியது வாய்க்குள் இல்லை, சத்தமாக, கொட்டில் முழுக்கக் கேட்க. நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பத்தொன்பது. கடைசித் தாளை அவருடைய உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் அழுத்திவிட்டேன். நூற்று நாற்பது.