பெருக்கி வைத்த சரிவு

எங்கள் குடும்பத்தில் புல் முளைத்த வாசல் என்றால் சோம்பேறி வீடு என்று அர்த்தம். அம்மா ரப்பர் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். மரத்தடியில் ஒரு புல் தெரிந்தாலும் மேற்பார்வைத் தண்டல் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவாராம். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அந்தத் தண்டலை மட்டும் நாங்கள் விடவில்லை.

சாலாக் செலாத்தானில் என் வீடு மேட்டில் இருக்கிறது. பின்பக்கச் சரிவு முழுக்க லாலாங் புல். சரிவு முடியும் இடத்தில் கீழ்வீட்டு அக்காவின் சமையற்கட்டு. இந்தத் தீபாவளி அந்த அக்காவுக்கு லேசுப்பட்டதில்லை. ஒரே மகளுக்குத் தலைதீபாவளி. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீபாவளி வருகிறதே என்று நானும் வீட்டைச் சுத்தம் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சரிவில் மருந்தடித்து, காய்ந்த லாலாங்கை வேரோடு செதுக்கி, ஈர்க்குமாற்றால் பெருக்கியும் வைத்தேன். சிவப்பு மண் பளிச்சென்று தெரிந்தது. படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன், பாராட்டு குவிந்தது. மழைக்காலத்தில் மலைச்சரிவைப் பெருக்கி வைக்கிற அறிவாளி, எங்கள் சொந்தக்காரர்களைத் தவிர்த்தால், உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் மழை கொட்டியது. நான் உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். காலையில் பின்கதவைத் திறந்தால், சரிவெங்கும் நகத்தால் பிராண்டியதுபோல் பள்ளங்கள். கீழே பார்க்கவே பயமாக இருந்தது.

ஓடினேன். அக்காவின் சமையற்கட்டில் கணுக்கால் வரை சேறு. அடுப்பு, அரிசி மூட்டை, பலகாரத் தகரங்கள் எல்லாம் சிவப்பு. அக்கா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார்.

"மேல கோண்டோ அடுக்குமாடி கட்டுறானுங்க லா, அவனுங்க மண்ணுதான் இது," என்றார். "சாயங்காலம் மாப்பிள்ளை வராரு. எங்க உட்கார வைப்பேன், சொல்லுங்க?"

நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. வாயைத் திறக்காமல் உழைத்தால் பாவம் கழிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. வாளியை எடுத்து அள்ளினேன். மண்ணோடு நான் செதுக்கிப் போட்ட லாலாங் வேர்களும் வந்தன. அவற்றை வாளியின் அடியில் தள்ளி, மேலே சேற்றைப் போட்டேன்.

ஹாலில் மட்டும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அந்தச் சுவருக்கு வெளியே, அக்கா வெட்டாமல் விட்ட புல் அடர்ந்து நின்றது. வந்த மண் அதன் காலடியிலேயே குவிந்து கிடந்தது.

அக்காவும் அதைப் பார்த்தார். "இந்தப் பாழாப்போன புல்லுதான் தண்ணிய அடைச்சி இங்க திருப்பிவிட்டிருக்கு. உங்க சரிவு எவ்ளோ சுத்தமா இருக்கு! அந்த மருந்து மிச்சம் இருந்தா குடுங்கம்மா, நானும் அடிச்சிடறேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அந்தப் புல்லத் தொடாதீங்கக்கா. அதுதான் உங்க ஹால காப்பாத்தியிருக்கு. இது கோண்டோ மண்ணு இல்ல. எங்க வீட்டு மண்ணு. நான்தான் சரிவ மொட்டையடிச்சேன்."

அக்கா சரிவைப் பார்த்தார். பிறகு என் வாளியைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மாப்பிள்ளை வர்றதுக்குள்ள அள்ளணும்," என்று மட்டும் சொல்லி, தன் மண்வெட்டியை என் பக்கம் சாய்த்து வைத்தார். அப்புறம் ஹாலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.