தாய்மாமன் சீரும் என் சிடியும்

"கம்ப்யூட்டரெல்லாம் பொம்பளைகளுக்குச் சரிப்பட்டு வராது" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். இத்தனை வருடமாக இந்த வேலையில்தான் சோறு தின்கிறேன். இப்பவும் மீட்டிங்கில் ஒருத்தர், "சார் வரலையா மேடம்?" என்று கேட்கிறார். எந்த சார்? வந்திருப்பதே நான்தான்!

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது எங்கள் ஊர் ஒத்தக்கடையில். அப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மேலூர் வரைக்கும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். வீடு முழுக்க கேசட். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது என் வேலை. நான் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்த வருடம், பக்கத்திலேயே ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். போய் உட்கார்ந்து ஒரு பழைய பாட்டின் பெயரைத் தட்டினேன். அப்பா டவுன் ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்காத பாட்டு அது. எங்கேயோ யார் வீட்டிலிருந்தோ சொட்டுச் சொட்டாக என் முன்னால் வந்து இறங்கியது. அடேங்கப்பா! முன்பின் தெரியாத ஓர் ஆள் சும்மா கொடுக்கிறார். இணையத்தை இன்றைக்கு ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். என்னால் முடியாது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கலாமா?

இனிமேல் கேசட் வேண்டாம், விசிடி பிளேயரும் சிடியும் போதும் என்று அப்பாவை நச்சரித்தேன். செட்டில் நானே உட்காருகிறேன் என்றும் சொன்னேன். அதற்குத்தான் வீடு இரண்டுபட்டது.

"பொட்டப் புள்ள செட்டுல உக்காந்தா ஊரு சிரிக்கும்த்தா," என்றார் அப்பா.

"சிரிச்சுட்டுப் போகட்டும். விசேஷ வீட்டுக்கு அழுகவா வாராக?"

"வாயி, வாயி! சரி, ஒரு தடவ பாப்போம். கெட்ட பேரு வந்துச்சு, அப்புறம் செட்டுப் பக்கமே நீ வரப்புடாது."

மேலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து வந்தது. காதுகுத்தில் தாய்மாமன்தான் ராஜா. தட்டுத் தட்டாகச் சீர் எடுத்து, சொந்தபந்தத்தோடு நடந்து வருவார். அவர் தெருமுனையில் தலை காட்டியதும் தாய்மாமன் பாட்டு ஆரம்பிக்க வேண்டும். பந்தலுக்குள் கால் வைக்கும்வரை நிற்கக் கூடாது. நின்றால் மாமனுக்கு மரியாதைக் குறைவு. அங்கே கோட்டைவிட்ட செட்டை மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பிரவுசிங் சென்டரில் புதிதாக இறக்கி, சிடியில் ஏற்றிய தாய்மாமன் பாட்டைத் தொடக்கம் மட்டும் போட்டுக் கேட்டிருந்தேன். மைக் செட்காரர் வீட்டு வழக்கமே அதுதான். விசேஷ வீட்டில் எந்தப் பாட்டைத்தான் முழுசாக ஓட விடுகிறார்கள்? "அத மாத்துங்கண்ணே" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

அன்றைய மாமனோ லேசுப்பட்ட ஆள் இல்லை. சீர்த்தட்டுகள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. முன்னால் மாலை போட்ட கிடாய் வேறு, நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பா வேப்பமரத்தில் ஏறி, சாய்ந்துபோன குழாயை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மாமன் பந்தல் வாசலுக்கு வந்த நேரம் பாட்டு பாதியில் அறுந்தது. சென்டரில் இறங்கியதே அம்புட்டுத்தான், மிச்சப் பாட்டு வந்து சேரவே இல்லை! பிளேயர் கர்கர் என்று முனகிவிட்டு அப்படியே நின்றுபோனது. எந்த பட்டனுக்கும் மசியவில்லை. பழைய கேசட் பெட்டியை, "அது எதுக்குப்பா?" என்று நான்தான் வீட்டிலேயே வைக்கச் சொல்லியிருந்தேன்.

மாமன் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னப்பா, செட்டுக்குத் தொண்ட கட்டிப்போச்சா?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். மரத்தின் மேலிருந்து அப்பா, "ஏத்தா, என்னத்தா ஆச்சு?" என்று கத்தினார். போச்சு, இன்றோடு நமக்கும் செட்டுக்கும் உறவு அறுந்தது என்று நினைத்தேன்.

மிச்சம் இருந்தது மைக் ஒன்றுதான். எடுத்துக்கொண்டு, வயர் எட்டுகிற மட்டும் பெண்கள் நடுவே ஓடினேன். "அக்காமாரே, அத்தமாரே, மாமன் வாசல்ல நிக்கிறாக. போடுங்க குலவைய!" என்றேன்.

ஓர் அத்தை நாக்கைச் சுழற்றித் தொடங்கியதும் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாக் குழாயிலும் குலவை! பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். மாமன் மீசையைத் தடவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உள்ளே வந்தார். அதுவரை அடம்பிடித்த கிடாயும் மிரண்டு ஓட்டமாக வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா மரத்தை விட்டு இறங்கி வந்தார். செத்துக் கிடந்த பிளேயரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். பந்தி முடிகிறவரை திட்டுக்காகக் காத்திருந்தேன். அப்போது அந்தத் தாய்மாமனே எங்களைத் தேடி வந்தார்.

"அண்ணே, அடுத்த மாசம் எங்க வீட்டுலயும் விசேஷம். உங்க செட்டுதான்."

"அதுக்கென்ன தம்பி, வந்துர்றேன்," என்றார் அப்பா.

"நீங்க சாப்பிட வாங்க. செட்டுல உக்காரப் புள்ளைய அனுப்பிவைங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தா," என்றார், "உனக்கு அன்னைக்கு ஒழியுமா?"