பாக்கியம் அக்கா வைத்த நேர்முகப் பரீட்சைகள்

மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர், ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறை வாசலில் நின்றபடி, "பாக்கியம் மேற்றன் காலமை மோசம் போயிட்டா" என்றார். ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டை முடித்துக் கை கழுவினேன். அக்கா செத்துப்போனார் என்று கேட்டும் அழுகை வரவில்லை. ஆறு வருஷங்களாக நான் அவரோடு கதைத்ததில்லை. இதை வாசிக்கும், அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அது தெரியும். ஏன் என்பது சிலருக்குத்தான் தெரியும்.

ஒரு டாக்குத்தர் தனியாக நடத்தும் எங்கள் ஆஸ்பத்திரியில் அக்கா பதினைந்து வருஷம் நேர்ஸ்மாருக்கெல்லாம் தலைவியாக, மேற்றனாக இருந்தார். அவருக்கு அடுத்தபடி நான். வேலைக்கு வரும் நேர்ஸ்மாரை இருவரும் சேர்ந்தே கேள்வி கேட்டு எடுத்தோம். ஒருமுறை, கை நிறையச் சர்டிபிக்கற்றுகளோடு ஒரு பெண் வந்தாள். "நோயாளி மருந்து குடிக்கமாட்டன் எண்டால் என்ன செய்வீர்?" என்று கேட்டேன். பொறுமை, அன்பு, இன்சொல் என்று மளமளவென்று ஒப்புவித்தாள். எனக்குத் திருப்தி. அக்கா மெதுவாக, "உப்பிடி நடந்த ஒரு நாளைச் சொல்லும் பிள்ளை" என்றார். அவளிடம் சொல்ல ஒரு நாளும் இருக்கவில்லை. அவள் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "என்ன செய்வீர் எண்டு கேட்டால் எல்லாரும் நல்லவைதான், பூரணம். என்ன செய்தனீர் எண்டு கேக்கவேணும்."

இணுவிலிலிருந்து ஒருத்தி வந்த அன்று அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் ஊர்ப் பிள்ளை. எந்த ஒழுங்கை, யார் மகள் என்று விசாரித்துக் குளிர்ந்துபோய், அவள் கதவைத் தாண்டுமுன்பே "நல்ல பிள்ளை அக்கா" என்றுவிட்டேன். "ஊரை ஏன் கேட்டனீ? ஊரே வந்து ஊசி போடப்போகுது?" என்று சீறினார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம். பரீட்சைக்கு வந்தவர் எழுந்து போனதும் நாங்கள் கதைக்கக்கூடாது. தனித்தனியாகப் புள்ளி எழுதி, அதன் பிறகே தாள்களைக் காட்டவேண்டும்.

"நான் போனால் இந்தக் கதிரை உனக்குத்தான்" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டு வாங்கிய வாக்கல்ல. ஆனாலும் நம்பினேன். அம்மாவிடமும் சொல்லிவைத்தேன்.

அவர் ஓய்வு பெற இருந்த வருஷம், பிரசவ வாட்டுக்கு ஒரு சிஸ்டர் தேவை என்று மூன்று பேரைக் கூப்பிட்டார். அவர்களில் ஒருத்தி மட்டக்களப்பிலிருந்து வந்த தங்கரத்தினம். நீர் விட்ட பிழை ஒன்றைச் சொல்லும் என்று கேட்டேன். இரண்டு குழந்தைகளைத் தொட்டில் மாற்றிக் கிடத்திவிட்டதையும், தாய்மார் அறியுமுன் தானே டாக்குத்தரிடம் போய்ச் சொல்லி ஏச்சு வாங்கியதையும் மறைக்காமல் சொன்னாள். இருபதுக்குப் பதினெட்டுப் போட்டேன். அக்கா என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவாய் யோசிச்சோ போட்டனீ?"

"ஓம் அக்கா. உவவை விட்டால் வேறை ஆளில்லை."

அடுத்த மாதம் டாக்குத்தர் எல்லோரையும் கூட்டி, புதிய மேற்றன் தங்கரத்தினம் என்று அறிவித்தார். நான் பின்வரிசையில் மருந்துத் தட்டோடு நின்றேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

துணி அறைக்குள் அக்காவைப் பிடித்தேன். "அந்தப் பரீட்சை மேற்றன் வேலைக்கெண்டு ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அந்தப் புள்ளி போட உனக்கு மனம் வந்திருக்குமோ?"

"அதை என்னட்டைக் கேட்டிருக்கலாமே அக்கா."

அவர் ஒரு படுக்கை விரிப்பை மடித்து வைத்தார். "நீதானே தெரிஞ்செடுத்தனீ" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லியிருந்தால் என்ன புள்ளி போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அக்கா எனக்கு இடம் தரவில்லை. முன்பின் தெரியாத தங்கரத்தினத்துக்குக் கேள்வி கேட்டுக் கொடுத்த அரை மணித்தியாலத்தை, பதினைந்து வருஷம் பக்கத்தில் இருந்த எனக்குக் கொடுக்கவில்லை. தங்கரத்தினம் நல்ல மேற்றன். அது இன்னும் கூடுதலாக நோகிறது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மயிலிட்டியில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் தம்பி என்னைக் கண்டதும், "பூரணம் வருவாள் எண்டு அக்கா சொல்லிக்கொண்டே இருந்தவ" என்றார்.

"அப்ப ஏன் ஒரு சொல்லு அனுப்பேல்லை?"

"நானும் கேட்டனான். தானாய் வாறாளோ எண்டு பாப்பம் எண்டவ."

அங்கேதான் அழுதேன். துக்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அக்காவை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதவே உட்கார்ந்தேன்; எழுத வரவில்லை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களை நானும் தங்கரத்தினமும் கேள்வி கேட்கிறோம். கேள்விகள் அக்காவுடையவை, அவற்றை நான் கைவிடமாட்டேன். ஆனால் வந்தவர் கதிரையில் இருந்ததும், முதற் கேள்விக்கு முன் நான் சொல்வது ஒன்றுண்டு: "பிள்ளை, இது இன்ன வேலை. தீர்மானிக்கிறது நாங்கள் ரெண்டு பேர். மறைச்சு வைச்சது ஒண்டுமில்லை. இனிக் கேக்கட்டோ?"

இதுவும் அக்காவிடமிருந்து எனக்கு வந்ததுதான். அவர் அறிந்து தந்ததல்ல.