சைலன்ஸ் டீச்சரின் மூன்று நிமிட மௌனம்

ஜூன் மாதம் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. அந்தக் காலையில், கல்லூரிச் சிற்றாலயத்தின் வாசக மேடையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயது மாணவி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே அவருடைய வகுப்புத் தோழர்கள் முப்பத்தொருவர் கண்களை மூடி அமர்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் கத்தோலிக்கப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள். இல்லையேல், விரைவில் ஆகப்போகிறவர்கள்.

அந்த மாணவியை அவருடைய பள்ளியில் நேரில் "டீச்சர்" என்பார்கள். தலை மறைந்ததும் "சைலன்ஸ்" என்பார்கள். அஞ்சலக ஊழியர் ஒருவரின் மூத்த மகள், புவியியல் பட்டதாரி. மகப்பேற்று விடுப்பில் சென்ற ஓர் ஆசிரியைக்குப் பதிலாக, மூன்றே மாதத்துக்கு என்று சொல்லி, இருபத்து நான்காம் வயதில் அந்தப் பெண்கள் பள்ளிக்குள் நுழைந்தவர். இருபத்தெட்டு ஆண்டுகளாகியும் அந்த மூன்று மாதம் முடிந்தபாடில்லை. விடுப்பில் போன ஆசிரியைக்குப் பிறந்த பெண், அதே பள்ளியில் சேர்ந்து, இவரிடமே வரைபடம் வரையக் கற்று, படிப்பை முடித்து, வேலைக்கும் போய்விட்டாள். இவர் மட்டும் அங்கேயே இருந்தார். மாடியின் கோடி வகுப்பறையில் மேசையைத் தட்டி "சைலன்ஸ்!" என்று இவர் ஒரு குரல் கொடுத்தால், கீழ்த்தளத்தில் கணக்கர் தும்மலை அடக்கிக்கொள்வார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தலைமை ஆசிரியையாக இருந்த கன்னியர் வேறிடத்துக்கு மாற்றலாகிப் போனார். பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அன்றுமுதல் இவர் கையெழுத்திடும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் "தலைமை ஆசிரியை (பொ)" என்று முத்திரை குத்தப்பட்டது. பொறுப்பு என்பதன் சுருக்கம் அது. ஒற்றை எழுத்துத்தான், ஆனால் செருப்புக்குள் புகுந்த சிறு கல்லைப்போல அது நாள்தோறும் உறுத்தியது. பேருந்து ஓட்டுநரான அவருடைய கணவரோ, "ஏம்மா, அந்தப் 'பொ' பொம்மையா, பொய்யா?" என்று கேட்டு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவார்.

அந்த எழுத்து நீங்க ஒரே வழிதான் இருந்தது. கத்தோலிக்கப் பள்ளித் தலைமைக்கான முதுகலைப் படிப்பை முடித்தவரே நிரந்தரத் தலைமை ஆசிரியராகலாம் என்று மறைமாவட்டக் கல்விக் குழு விதி செய்திருந்தது. மூன்று கோடை விடுமுறைகள். கோடைக்கு ஐந்து வாரம். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். இது மூன்றாம் கோடை. இதற்குள் முடிக்காவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறொருவரை அனுப்புவதாகக் கல்விக் குழு எழுதிய கடிதம், டீச்சரின் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

இவ்வளவு பெரிய பாரத்தைச் சுமந்து வந்தவர் எத்தனை பொறுப்பாக நடந்திருக்க வேண்டும்! நடந்ததோ வேறு. முப்பத்திரண்டு தலைமை ஆசிரியர்களை ஒரே அறையில் அடைத்து, அவர்களை மாணவர்களாக்கினால் என்ன ஆகும் என்பதைப் பாடத்திட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. முதற்கோடையின் முதல் நாள் மணி அடித்ததும், தாழ்வாரத்தில் யாராவது திரிகிறார்களா என்று பார்க்க முப்பத்திரண்டு பேரும் எழுந்து வெளியே ஓடினார்கள். தாழ்வாரத்தில் திரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. இரண்டாம் வாரத்தில் கடைசி பெஞ்சுக்குப் போட்டி தொடங்கியது. மூன்றாம் வாரத்தில் துண்டுச் சீட்டுகள் பறந்தன. தம் பள்ளியில் இடிபோல முழங்கும் குரலுடைய பிரதர் ஒருவர், வராத நண்பருக்காகக் குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" சொல்லி, கையும் களவுமாகப் பிடிபட்டார்.

டீச்சரின் அறைத்தோழி ஒரு சிஸ்டர். எழுநூறு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியின் தலைவி. கல்விச் சட்டத்தின் பிரிவுகளை எல்லாம் பக்திப் பாடல் மெட்டில் பாடுவதால் அவருக்குப் பாட்டு சிஸ்டர் என்று பெயர். அவர் பக்கத்தில் உட்கார்ந்த நாள்முதல் டீச்சருக்குச் சிரிப்பு என்னும் நோய் பிடித்துக்கொண்டது. அதுவும் சத்தமில்லாத சிரிப்பு. தோள் குலுங்கும், கண்ணில் நீர் வழியும், மூச்சு நின்று நின்று வரும். ஐம்பது வயதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ, வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது.

இனி, அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு அது. காலைச் செபத்தை ஒருவரே நடத்த வேண்டும்: பாடல், இறைவாசகம், சிறு சிந்தனை, இறுதியில் மூன்று நிமிட மௌனம். துறைத்தலைவரான ஃபாதர் கடைசி வரிசையில் அமர்ந்து மதிப்பெண் இடுவார். டீச்சர் முதல் மூன்றையும் அப்பழுக்கில்லாமல் முடித்தார். "இப்போது மூன்று நிமிடம் மௌனத்தில் ஆழ்வோம்" என்று கனிவாகச் சொல்லித் தாமும் கண்களை மூடினார்.

ஒரு நிமிடம் கடந்தது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்போது கடைசி வரிசையிலிருந்து சரசரவென்று ஓர் ஒலி எழுந்தது. நின்றது. மறுபடியும், மெல்ல, திருட்டுத்தனமாக, சர... சர...

டீச்சர் யோசித்துச் செய்தாரில்லை. இருபத்தெட்டு ஆண்டு அனுபவம் அவரை முந்திக்கொண்டது. உள்ளங்கை வாசக மேடைமீது பளாரென்று இறங்கியது.

"சைலன்ஸ்! யாரது கடைசி பெஞ்சுல? எந்திரி!"

கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்தார். ஒரு கையில் மதிப்பெண் தாள். மறு கையில் பாதி உரித்த இருமல் மிட்டாய். துறைத்தலைவர்! முனைவர் பட்டம் இரண்டு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. ஆனால் அந்தக் குரல் கேட்டதும் அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்துவிட்டன. வாயும் அப்படியே.

"சாரி, மிஸ்" என்றார்.

அதன்பின் நடந்ததைச் செபம் என்று எழுத இயலாது. பிரதர் பெஞ்சுக்கு அடியில் சரிந்தார். பாட்டு சிஸ்டர் பாடல் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு விக்கினார். டீச்சரோ வாசக மேடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியக் குலுங்கினார். ஃபாதர் சிவந்த முகத்தோடு தாளில் "மௌனம்: நிறைவு பெறவில்லை" என்று எழுதினார். "ஆபீஸுக்குப் போங்க" என்றார். சிரிப்பு ஒரு நொடியில் வடிந்தது. நாற்காலி கைவிட்டுப் போகிறது என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

அலுவலகத்தில் எழுத்தர் ஒழுங்கு மீறல் படிவம் ஒன்றை நீட்டினார். "மேடம், ஃபாதர் இன்னொரு சான்ஸ் குடுக்கணும்னா இதைப் பூர்த்தி பண்ணணும். பெற்றோர் இல்லைன்னா பாதுகாவலர் நேர்ல வந்து கையெழுத்து போடணும்."

"எனக்கு ஐம்பத்திரண்டு வயசு."

"வயசைப் பத்தி ஃபாரத்துல எதுவும் இல்லை, மேடம்."

"எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் காலமாயிட்டாங்க."

"அப்போ பாதுகாவலர்."

"ஏங்க, எண்ணூறு பிள்ளைங்களுக்கு நானே பாதுகாவலர்!"

"அங்கே நீங்க போடலாம், மேடம். இங்கே உங்களுக்கு யாராவது போடணும்."

வேறு வழியின்றி டீச்சர் கணவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் பணிமனையில் வண்டி எடுக்கக் காத்திருந்தார். செய்தியைச் சொல்லி முடித்ததும் மறுமுனையில் தேநீர்க் குவளையை டக்கென்று கீழே வைக்கும் ஓசை வந்தது.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இரு, இரு. இன்னொரு தடவை சொல்லு. உன்னை வகுப்பை விட்டு அனுப்பிட்டாங்க. வீட்டுல இருந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. உன்னை!"

பின்னணியில் ஏழெட்டுப் பேர் சிரிக்கும் ஒலி கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?"

"சேச்சே! இந்தப் போன் சத்தம் அப்படி, அது பாட்டுக்கு எல்லாருக்கும் கேக்குது."

நண்பகலில் அவர் வந்து சேர்ந்தார். மகள் திருமணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. படிய வாரிய தலை. கையில் ஒரு குடை. அவர் படித்த காலத்தில் அவருடைய பெற்றோரைப் பள்ளிக்குப் பதினொரு முறை அழைத்திருக்கிறார்கள். பதினொரு முறையும் அவர் கதவுக்கு வெளியே நின்றவர். இன்று முதன்முறையாக உள்ளே நாற்காலி கிடைத்திருக்கிறது; லேசில் விடுவாரா?

"உட்காருங்க சார்" என்றார் ஃபாதர், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"நிக்கிறேன், ஃபாதர். இந்த மாதிரி அறையில உட்கார்ந்து பழக்கமில்லை." ஆனாலும் அமர்ந்து, குடையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பெருமூச்சு விட்டார். "வீட்டுல ரொம்ப அடக்கமான பொண்ணு, ஃபாதர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது."

"என்னங்க!" என்றார் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசக் கூடாதும்மா." ஃபாதர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கென்னமோ இங்கே சேர்க்கை சரியில்லைன்னு தோணுது."

சன்னலுக்கு வெளியே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு சிஸ்டரின் தலை சட்டென்று கீழே மறைந்தது. ஃபாதர் இருமுவதுபோலக் கையால் வாயை மூடிக்கொண்டார். அவர் கையை எடுக்க வெகுநேரமாயிற்று.

அப்போது ஓட்டுநர் விளையாட்டை நிறுத்தினார். "ஃபாதர், நாலு வருஷமா இவதான் அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துறா. காலையில முதல் ஆளாப் போய்க் கதவைத் திறக்கிறதும் இவ, கடைசியாப் பூட்டுறதும் இவ. பேருக்குப் பக்கத்துல ஓர் எழுத்துதான் இடிக்குது. இன்னொரு தடவை பாருங்க, ஃபாதர்."

ஃபாதர் தாளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "பாடல், வாசகம், சிந்தனை எல்லாம் முதல்தரம். அதை மாத்த மாட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு மௌனம் மட்டும் திரும்ப நடத்துங்க. மூணு நிமிஷம். நடுவுல சிரிச்சீங்கன்னா அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷத்துக்குள்ள என் இடத்துக்கு வேற ஆள் வந்துடுவாங்க, ஃபாதர்."

"அப்போ சிரிக்காதீங்க."

உலகில் சிரிப்பை மூட்ட அதைவிடச் சிறந்த சொல் வேறில்லை. நான்கு மணிக்குச் சிற்றாலயம் அடுப்புப்போலக் கொதித்தது. டீச்சருக்கு உதவ வேண்டும் என்று முப்பத்தொரு பேரும் கூடிப் பேசி, யாரும் அவரைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்த நல்லெண்ணமே வினையாயிற்று. முப்பத்தொரு பேர் முப்பத்தொரு திசையை வெறித்துக்கொண்டிருந்த காட்சியை யார்தான் தாங்குவார்? பிரதர் கைக்குட்டையை வாயில் திணித்திருந்தார். பாட்டு சிஸ்டர் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அவருடைய தலைமுக்காட்டின் நுனி மட்டும் தெரிந்தது, அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர், பாதுகாவலர் என்ற உரிமையில், முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மௌனத்தில் ஆழ்வோம்" என்றார் டீச்சர்.

முதல் நிமிடத்தில் சிரிப்பு ஒன்று உதட்டுவரை வந்தது. விழுங்கினார். இரண்டாம் நிமிடத்தில் பிரதரின் கைக்குட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு விக்கல் வெளிப்பட்டது. டீச்சரின் வலக்கை தானாக மேலெழுந்தது. இடக்கை பாய்ந்து அதைப் பிடித்துக் கீழே இறக்கியது. மூன்றாம் நிமிடத்தில் கடைசி வரிசையைப் பார்த்துத் தொலைத்தார். ஃபாதர் சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்திருந்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. டீச்சர் கண்களை இறுக மூடிக்கொண்டார். நாற்காலி, பள்ளி, எண்ணூறு பிள்ளைகள், எல்லாம் ஒரு நூலில் தொங்கின. நூல் அறுபடவில்லை.

மணி அடித்தது. "ஆமென்" என்றார். முப்பத்தொரு பேரும் அணை உடைந்ததுபோலச் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பிரதர் கைக்குட்டையை வெளியே எடுத்துக் கொடிபோல வீசினார்.

ஃபாதர் முன்னால் வந்து, கண்களைத் துடைத்துக்கொண்டு, பழைய குறிப்பை அடித்து "தேர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஓட்டுநர் பாதுகாவலருக்குரிய கட்டத்தில், நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தம் பெயரை எழுதினார். ஃபாதர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிய பிறகும் போகாமல் நின்றார்.

"மார்க்குக்காகக் கேக்கலை, டீச்சர். அந்த மூணு நிமிஷமும் கண்ணை அப்படி மூடிக்கிட்டு எதைத் தியானம் பண்ணுனீங்க?"

"சிரிக்கக் கூடாதுங்கறதை மட்டும்தான், ஃபாதர்."