காற்றைக் கேட்ட ஜோடி

1. ஹெட்போன்

தம்பதிகளுக்கான டிவி வினாடி வினாவுக்குப் பதினாலு வருஷம் கேள்வி எழுதினேன். "அதுல என்ன மேடம் பெரிய வேலை?" என்று இப்போது வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நாலு கேள்வி எழுதிப் பாருங்கள், தெரியும்.

ஆட்டம் எளிது. கணவர் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டை அலறவிடுவோம். மனைவியிடம் ஒரு கேள்வி. பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு அதே கேள்வி கணவரிடம். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் பத்து மார்க். தகராறு வந்தால் ஸ்கோர் ஷீட் வைத்திருக்கும் நான் சொல்வதுதான் முடிவு.

முதலில் சென்னையில் ஏசி ஸ்டூடியோவில் நடத்தினோம். போகப்போக, வருகிற ஜோடிகள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். ரேட்டிங் படுத்துவிட்டது. "ஊர் ஊரா போங்க" என்றது சேனல். அப்படித்தான் பழவேற்காட்டில் செட் போட்டோம்.

2. பாக்கி ஒரு கேள்வி

கடைசிச் சுற்றில் இரண்டு ஜோடி. திருப்பாலைவனத்து ஆசிரியரும் மனைவியும் ஆடி முடித்து, ஐந்து மார்க் முன்னால் இருந்தார்கள். ஏரியில் பாய்மரப் படகில் மீன் பிடிக்கும் ஆறுமுகத்துக்கும் அவர் மனைவி தேசம்மாவுக்கும் ஒரே ஒரு கேள்வி பாக்கி.

பரிசு ஒரு மொபெட். தேசம்மா காலையில் வந்ததுமே அதைத் தொட்டுப் பார்த்தார். "மீன் கூடைய பாத்தாலே பஸ்ல ஏத்த மாட்றாங்கக்கா. இது மட்டும் கெடச்சா காட்டூர் வரைக்கும் நானே போய் வித்துட்டு வந்துடுவேன்."

நான் சென்னையில் உட்கார்ந்து எழுதிய கேள்வியைத் தொகுப்பாளர் படித்தார்: "உங்க கணவர் வேலை முடிஞ்சு எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவாரு?"

"இன்னா காத்துனு சொல்லுங்க, சொல்றேன்" என்றார் தேசம்மா.

"காத்த விடுங்கம்மா, டைம் சொல்லுங்க!"

"காத்து தெரியாம எப்டி சார் சொல்றது?"

நேரம் முடிந்தது. ஆறுமுகத்தின் ஹெட்போனைக் கழற்றி அதே கேள்வியைக் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "இன்னா காத்துனு சொல்லுங்க, சொல்றேன்."

கூட்டம் விசிலடித்தது. "ரெண்டு பேருமே பதில் சொல்லல, சாரி!" என்றார் தொகுப்பாளர். என் காதில் தயாரிப்பாளர் கத்தினார்: "ஜீரோ போடுங்க மேடம், வெளிச்சம் போவுது!"

தேசம்மாவின் முகம் சுண்டிவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"இன்னா சார் சாரி? மறுபடியும் அவரு காத அடைங்க. காத்து பேர சொல்லிக் கேளுங்க, சொல்றனா இல்லியானு பாருங்க."

நியாயம்தானே? நானே மேடையேறினேன். ஆறுமுகத்துக்கு மறுபடியும் ஹெட்போன். காற்றின் பெயர்களைக் கூட்டத்தில் நின்ற மீனவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

"வாடை அடிச்சா?"

"வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடுவாரு."

"மேற்க இருந்து கச்சான் அடிச்சா?"

"மத்தியானம் தாண்டிடும்."

"காத்தே இல்லன்னா?"

"பாய் நிக்காது. துடுப்பு போட்டுனே வரணும், பாவம். வெளக்கு வெச்சப்புறம்தான்."

இப்போது ஆறுமுகம். வாடைக்கு வெயில் ஏறுமுன், கச்சானுக்கு மத்தியானம் தாண்டி. கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "காத்தே இல்லன்னா?"

"வெளக்கு வெச்சப்புறம்தான். கையி ரெண்டும் மரத்துப் போய் வருவேன். வெந்நி போட்டு வெச்சிருக்கும்."

வெந்நீரைப் பற்றி தேசம்மா சொல்லவே இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை. கண் கலங்கித்தான் பத்து மார்க் போட்டேன்.

3. சாவி

கேள்வி எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எதிரே இருப்பவர் பதில் சொல்லத் திணறினால், முதலில் உங்கள் கேள்வியைச் சந்தேகப்படுங்கள். அன்றைக்குத் தப்பு என்னுடையது.

சாவியைக் கொடுக்கும்போது தொகுப்பாளர் கேட்டார்: "வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். இனிமேதான்" என்று ஏறி உட்கார்ந்தார் தேசம்மா. ஆறுமுகம் அதற்குள் வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடத் தயாராக நின்றார்.