பால்தேத்தண்ணி நிறம்

வெளிநாட்டுக்கு வந்தபின் ஸ்பிரிங்வேலில் அப்பா வாங்கிய பழைய செங்கல் வீட்டின் முன்னறையில் குளிர்காயும் அடுப்பு ஒன்று இருந்தது. நாங்கள் அதில் ஒருநாளும் விறகு எரித்ததில்லை. எரியாத அந்த அடுப்பு வழியாகக் குளிர்காற்று மட்டும் தவறாமல் இறங்கிவந்தது. ஒருநாள் புகைபோக்கிக்குள் விழுந்த மைனா ஒன்று அறை முழுக்கப் பறந்து, அம்மா காயப்போட்டிருந்த சேலைகளைக் கரியாக்கிவிட்டது. அன்றே அடுப்பை உடைத்து மூடுவதென்று அப்பா முடிவெடுத்தார்.

அடுப்புக்கு மேலே ஒரு மரத்தட்டு. அதில் மணிக்கூடும், ஓட்டப்போட்டியில் நான் வென்ற சின்னக் கிண்ணமும், அண்ணாவின் படமும் இருந்தன. ஊரில் டியூசனுக்கென்று சைக்கிளில் போன அண்ணா திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இறந்தவர்களின் படத்துக்கு மாலை போட்டுச் சின்னச் சிவப்பு லைட் எரிப்பது எங்கள் வழக்கம். அண்ணாவின் படத்துக்கு இரண்டும் இல்லை. அம்மா தினமும் அதைத் துடைத்து மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

அடுப்பை உடைக்க அம்மாவின் தம்பி, என் மாமா, வந்தார். தட்டைக் கழற்றும்போது அம்மா படத்தை எடுத்துப்போய் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்தார். பலகை அடித்து மூடி முடித்ததும், தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மாமா மெல்லச் சொன்னார்:

"அக்கா, எவ்வளவு காலம் பாத்திட்டம். இனிப் படத்தைச் சுவரிலைதான் கொழுவ வேணும். அதோடை ஒரு மாலையையும் லைட்டையும் போட்டுவிடுவம்."

அப்பா நிலத்தில் கிடந்த செங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். பிறகு "ஓம், போடுவம்" என்றார்.

அம்மா எழுந்து சோறு பார்க்கக் குசினிக்குப் போனார். "முதல்லை சுவர் சரியா வரட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சுவர் சரியாக வரவில்லை. பழைய சுவர் பால் கலந்த தேநீரின் நிறம், அம்மாவின் சொல்லில் பால்தேத்தண்ணி. அப்பா அதில் ஒரு துண்டைப் பெயர்த்துக் கடைக்குக் கொண்டுபோனார். அதைப் பார்த்து மெஷினில் கலந்து கொடுத்தார்கள். ஈரத்தில் பொருந்தியது. காய்ந்ததும் அடுப்பு இருந்த இடம் சதுரமாக எழும்பி நின்றது.

"தண்ணிச் சொதி மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா.

அடுத்த வாளி அம்மாவுக்குப் பருப்புத் தண்ணி. அதற்கடுத்தது வறுத்த மா. அம்மா காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை வந்து சுவரின் முன்னால் நிற்பார். திரைச்சீலையை இழுத்துத் திறப்பது என் வேலை. எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

"அக்கா, நீங்கள் பெயின்ற் பாக்கிறியளோ, கறி ருசி பாக்கிறியளோ?" என்று மாமா கேட்டார். அம்மா சிரிக்கவில்லை.

பழைய சுவரில் முந்தி இருந்தவர்களின் புகையும் வெயிலும் ஏறியிருக்கிறது, புது நிறம் அதோடு ஒட்டாது, சுவர் முழுவதையும் அடியுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். அடித்தார்கள். பக்கத்துச் சுவர் வேறாகத் தெரிகிறது என்றார் அம்மா. அதையும் அடித்தார்கள். கடைசியில் நாலு சுவரும் ஒரே நிறமாகின. அம்மா வந்து பார்த்தார். மூலை மூலையாகப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பிளாஸ்டிக் பூமாலையோடும் லைட்டோடும் வந்தார். அப்பா அலுமாரியிலிருந்து படத்தைக் கொண்டுவந்து கதிரையில் சாய்த்து வைத்தார். அண்ணா அதில் பள்ளிக்கூடச் சட்டையோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தார். குசினியில் தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

அப்பா சுத்தியலும் ஆணியுமாகச் சுவருக்குக் கிட்டப் போய் நின்றார். நானும் கண்ணைச் சுருக்கிச் சதுரத்தைத் தேடினேன். அது எங்கேயும் இல்லை.

"இப்ப சரியா இருக்கப்பா" என்றேன், மகிழ்ச்சியோடு.

அப்பா உள்ளங்கையால் சுவரைத் தடவினார். அடுப்பு இருந்த இடத்தில் கை நின்றது. பிறகு குசினிப் பக்கம் பார்த்து உரத்துச் சொன்னார்:

"இஞ்சேரும், இதுவும் சரிவரேல்லை. அந்த இடம் தனியாத்தான் தெரியுது."

குழாய்ச் சத்தம் நின்றது.

மாமா சுவரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மாலையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். ஈரக் கையோடு வந்த அம்மா, சுவர்ப் பக்கம் பார்க்காமல், கதிரையிலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அந்தக் கிழமை அப்பா இன்னொரு வாளி பெயின்ற் வாங்கிவந்தார். அது கராஜில் மூடி திறக்காமலே கிடந்து இறுகிப்போனது. ஒருவரும் மறுபடி சுவரைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவுக்குக் கண் பழுதாகிவிட்டது, சொல்ல வெட்கப்படுகிறார் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.