வெடிக்குப் பயந்தவருக்கு ஓர் இரங்கற்பா

சீனப் போர் நடந்த சமயத்தில் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே அச்சாகும். பிழை திருத்துவதுதான் என் வேலை. எனக்கு எதுகை மோனை வரும் என்பது முதலாளிக்கு எப்படியோ தெரிந்துபோய், கல்யாண வாழ்த்து மடல்களும் என் தலையில் விழுந்தன. மாப்பிள்ளையைப் பார்க்காமலே அவருக்கு மலை போன்ற தோளும் மதி போன்ற முகமும் வைத்துவிடுவேன். யாரும் குறை சொன்னதில்லை.

போர் வந்ததும் வாழ்த்து குறைந்தது, வீரம் பெருகியது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பனியைக் கண்டதில்லை, துப்பாக்கியைத் தொட்டதில்லை, வடக்கே மதுரையைத் தாண்டிப் போனதில்லை. இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு முறை சீனப் படையை விரட்டியடித்தேன்.

அப்போதுதான் நாரணாபுரம் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் எல்லையில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. விருதுநகரில் ஒரு மைதானத்தில் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். கல்லும் கரைகிற மாதிரி எழுதிக்கொண்டு வா என்றார் முதலாளி. மத்தியானச் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் எட்டு விருத்தம் எழுதி முடித்தேன். இறந்தவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெயரும் ஊரும்தான். மற்றதையெல்லாம் பழைய மாப்பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

மேடையில் அதைப் படித்தேன். இறந்தவரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது விருத்தத்தில் அவர் சட்டென்று குனிந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அதைப் பார்த்துக் கூட்டம் முழுவதும் அழுதது. நானும் அழுதேன். உண்மையைச் சொன்னால், என் குரலைக் கேட்டுத்தான் அழுதேன். கூட்டம் கலைந்த பிறகு நாலு பெரிய மனிதர்கள் என் முதுகில் தட்டினார்கள்.

நாலு நாள் கழித்து அந்த அம்மா அச்சகத்துக்கே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். கையில் கூட்டத்தில் கொடுத்த கவிதைத்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அடக்கமாக ஒரு பதிலைக்கூட மனதுக்குள் தயார் செய்துகொண்டேன்.

“இதை எழுதுனது நீங்கதானா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“மூணாவது பாட்டுல, பீரங்கிச் சத்தம் அவுகளுக்குத் தாலாட்டுன்னு போட்டிருக்கீக. அங்கன உட்கார்ந்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.”

அன்று குலுங்கியது அழுகையில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பேப்பர் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் கணவருக்கு வெடி என்றாலே பயமாம். தீபாவளியன்று ஊரே தெருவில் நிற்கும்போது அவர் மட்டும் காதை அடைத்துக்கொண்டு நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்திருப்பாராம். வீட்டில் மற்ற எல்லோரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். அப்படிப்பட்டவர் ஏன் பட்டாளத்துக்குப் போனார் என்று கேட்டேன். இங்கே பன்னிரண்டு மாதமும் சத்தம், அங்கே சண்டை வந்தால்தானே சத்தம் என்று கணக்குப் போட்டாராம். பட்டாளத்திலும் அவருக்குச் சமையல் கூடத்தில்தான் வேலை. மலை போன்ற தோள் என்று நான் எழுதியிருந்தேனே, சட்டை போட்டால் ஆணியில் மாட்டிய மாதிரி இருக்குமாம்.

எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் கையை நிறுத்திவிட்டார். கவிதை என்றால் அப்படித்தான் எழுதுவது வழக்கம், இறந்தவருக்குச் செய்கிற மரியாதை என்று முணுமுணுத்தேன்.

“நான் குத்தம் சொல்ல வரல. இந்தத் தாளை வச்சுக்கிட்டு நாலு நாளா அழப் பாக்கேன். அழுகை வரல. இதுல இருக்கிறவரை எனக்குத் தெரியாது. தெரியாத ஆம்பளைக்கு நான் எப்படி அழ?”

தன் கணவரை உள்ளபடியே வைத்து ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டே வரி. அதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மாப்பிள்ளைகள் யாரும் உதவிக்கு வரவில்லை. முதலாளி படித்துப் பார்த்துவிட்டு அச்சடிக்கவே கூடாது என்றார். செத்துப்போன வீரரைப் பயந்தவர் என்று போட்டால் கல்லெறிவார்கள். அதிலும் வெடிக்குப் பயந்தவர் என்றால், சீசனில் எந்தக் கம்பெனி நமக்கு லேபிள் ஆர்டர் கொடுக்கும் என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு.

முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் கம்பாசிட்டர் தானாகவே எழுத்தைக் கோத்தார். என்னை ஓர் எழுத்தைக்கூடத் தொட விடாத மனிதர் அவர். மிஞ்சிப்போன லேபிள் தாளின் பின்பக்கத்தில் பத்துப் பிரதி எடுத்தோம். அந்த அம்மாவும் சொன்னபடி வந்து சேர்ந்தார். நின்றுகொண்டே படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். ஏழாவது வரியில் நிறுத்திவிட்டார்.

“காதுல பஞ்சுன்னு போட்டிருக்கீக.”

காதை அடைத்துக்கொள்வார் என்று அவர்தானே சொன்னார் என்றேன்.

“பஞ்சு இல்ல அண்ணாச்சி. என் கை. வெடிச்சு ஓயுற வரைக்கும் நான்தான் பொத்திக்கிட்டு இருப்பேன்.”

சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு அழுதார். மைதானத்தில் நாங்கள் அழுதது எதுவும் அந்த அழுகைக்குப் பக்கத்தில் வராது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கம்பாசிட்டர் அந்த வரியைப் பிரித்து மறுபடி கோக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி திரும்பி வந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். தாளை வாங்கி முழுவதும் படித்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். கடைசி வரியில் விரலை வைத்து, இங்கே ஒரு ‘ப்’ விட்டுப்போயிருக்கிறது, புரூப் பார்க்கிறவர் தூங்கிக்கொண்டா இருந்தார் என்று கேட்டார். அதையும் திருத்தி, நல்ல தாளில் அடித்துக் கொடுக்கச் சொன்னார். கீழே அச்சகத்தின் பெயர் மட்டும் வரக்கூடாது.

மூன்று வருஷம் கழித்து அடுத்த போர் வந்தது. தாயில்பட்டிப் பக்கத்தில் ஒருவர் இறந்தார். முதலாளி மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். இறந்தவர் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வர ஒருநாள் லீவு கேட்டேன். இந்த வேகத்தில் எழுதினால் போரே முடிந்துவிடும் என்று சொல்லி, வேறு கவிஞரைப் பிடித்துக்கொண்டார். நான் ஞாயிற்றுக்கிழமை சும்மா போனேன். இறந்தவரின் தாயார், மகன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கிணற்றில் நீந்திவிட்டு, தலை ஈரத்தை வேர்வை என்று சாதித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சோறு போட்டார். சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.